வேறுசிலரும் சாட்சிகளே: எங்கள் சபையின் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும் மூப்பர்கள் அனைவருக்கும்,

போன மாதம் ஆலய அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையின் சாட்சி நேரத்தில் இனி ஜெபத்துக்குப் பதில் பெற்றவர்கள் மட்டும் பேசலாம், இன்னும் காத்திருப்பவர்கள் தங்கள் பாரத்தை மூப்பர்களிடம் தனியாகச் சொல்லி ஜெபித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே, நோயாளிகளுக்காக வாசிக்கும் விண்ணப்பப் பட்டியலில் ஒருவர் பெயர் மூன்று மாதங்களுக்கு மேல் இருக்காது என்று இன்னொரு வரி. இரண்டுமே எங்கள் வீட்டைத் தொடுகிற வரிகள். அடுத்த ஞாயிறே என் கணவரின் பெயர் வாசிக்கப்படவில்லை. அவர் சக்கர நாற்காலியில் என் பக்கத்தில்தான் இருந்தார். தன் பெயர் எந்த இடத்தில் வரும் என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் எப்போதும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்துவார். அன்றும் நிமிர்த்தினார். பட்டியல் அடுத்த பெயருக்குப் போய், முடிந்து, எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வது?

நேரில் பேசாமல் நான் இதை எழுதவில்லை. இரண்டு மூப்பர்களிடம் பேசினேன். ஒருவர், "கமிட்டி எடுத்த முடிவு சிஸ்டர், நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்" என்றார். இன்னொருவர், தாள் வருவதற்கு முன்பே, என் கணவர் ஆராதனையில் பாடலாமா என்று நான் கேட்டபோது, "அவருக்கு முழு சுகம் கிடைக்கட்டும், அப்போது பெரிய சாட்சியாகவே வைத்துக்கொள்வோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தாள் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டது, அதனால் என் பதிலும் எல்லோரும் வாசிக்கும்படியே இருக்கட்டும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உடலின் வலது பக்கத்தை இடது மூளைதான் இயக்குகிறது, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது, அதனால் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போயிற்று. டாக்டர்கள் அதை அஃபேசியா என்கிறார்கள். புத்தி போகவில்லை, நினைவு போகவில்லை, நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, சொல்தான் வருவதில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தால் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு சொல் வந்துவிடும், அது தப்பு என்று அவருக்கே தெரியும், கண்ணை மூடிக்கொள்வார். பதினெட்டு வருடம் இதே ஆலயத்தில் வேதபாடம் வாசித்த மனிதர். பெயர்கள் வரிசையாக வரும் வம்ச அட்டவணையைக்கூட ஒரு இடத்தில் தடுக்காமல் வாசிப்பார், யாராவது கேலி செய்தால் "அதுவும் வேதம்தானே" என்பார்.

முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். ஜெபக்குழுக்கள் முறைவைத்து வந்தன, எண்ணெய் பூசினீர்கள், இரவு ஜெபம் வைத்தீர்கள். அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மூன்றாவது மாதத்தில் போன் மட்டும் வந்தது. ஆறாவது மாதத்தில் "ஜெபத்தில் நினைக்கிறோம்" என்று ஆலய வாசலில் ஒரு வரி. அப்புறம் அந்த வரியும் குறைந்தது. 88-ஆம் சங்கீதத்தை அந்த நாட்களில்தான் முதல்முறையாகக் கடைசிவரை வாசித்தேன். அதன் கடைசி வசனத்தில் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருக்கிறது, அதோடு சங்கீதம் முடிந்துவிடுகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ ஒரு துதிக்கு வந்து சேரும், இது வரவில்லை. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை என்பது அன்று எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தெரியவைக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பொறுப்பில் இருக்கும் ஒருவர் ஒரு நாள் மாலை வந்து, என் கணவர் படுத்திருந்த அறையிலேயே நின்றுகொண்டு, "வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இவ்வளவு நாள் ஆகியும் சுகம் வரவில்லை என்றால் ஏதோ தடை இருக்கிறது" என்றார். அவரால் பேச முடியாது என்பதால் அவருக்குக் கேட்கவும் கேட்காது என்று நினைத்துவிட்டார் போல. எல்லாம் கேட்டது. அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை, இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க முயன்றுகொண்டே இருந்தார், அது வார்த்தையாக வரவே இல்லை. தன்னிடம் அப்படி என்ன பாவம் என்று கேட்டாரா, உனக்கு இப்படி ஒரு பாரமாகிவிட்டேனே என்றாரா, இன்றுவரை தெரியாது.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தப்பு நடந்தது, கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபுவின் மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள் மேல். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை. இதெல்லாம் நான் உங்களுக்குப் போதிக்க வரவில்லை, உங்களிடம் கேட்டுத்தான் நான் இவற்றைக் கற்றேன். அதனால்தான் வலிக்கிறது.

சரி, இப்போது பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதுதானே இந்த மடலுக்கே காரணம்.

இரண்டாவது வருடத்தில் ஒரு சாயங்காலம் என் மகள் துணி மடித்துக்கொண்டே ஒரு பழைய ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முதல் வரி முடிந்ததும் ஏதோ நினைவில் நிறுத்திவிட்டாள். படுக்கையிலிருந்து இரண்டாவது வரி வந்தது. வார்த்தையோடு, ராகத்தோடு, ஒரு சொல்லும் தவறாமல். அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள், நான் உள்ளேயிருந்து ஓடினேன், அவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே மூன்றாவது வரியையும் பாடினார். மூன்று பேரும் அழுதோம். அழுகை என்று சொன்னாலும் அது சந்தோஷம்தான், எங்கள் கல்யாண நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் விளக்கினார். பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே பாதையில் போவதில்லை, பாட்டில் வலது பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது, அதனால் பேச முடியாமல்போன பலரால் பழகிய பாட்டை வார்த்தையோடு பாட முடிகிறது, சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஜெபமும் அப்படியே வரும் என்றார். உண்மைதான். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று நான் ஆரம்பித்தால் "எங்கள் பிதாவே" என்று சேர்ந்துகொண்டு ஆமென் வரைக்கும் வந்துவிடுகிறார். ஆனால் தானாகத் தொடங்க முடியாது. முதல் வரியை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாக எங்கள் குடும்ப ஜெபம் இப்படித்தான் நடக்கிறது, ஒருவர் எடுத்துக் கொடுப்போம், அவர் சேர்ந்துகொள்வார்.

இதைத்தான் சபையில் செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். வேதபாடம் வாசித்த அதே இடத்தில் அவர் இரண்டு சரணம் பாடட்டும் என்று. அதற்கு வந்த பதிலைத்தான் மேலே சொன்னேன். சுகமான பிறகு. இரண்டு வாரத்தில் பலகையில் தாள் வந்தது.

உங்கள் பக்கத்தை நான் யோசிக்காமல் இல்லை. சாட்சி நேரம் கட்டுக்கு மீறிப் போனது உண்மை. ஒருவர் அரை மணி நேரம் பேசினார், இன்னொருவர் குடும்பச் சண்டையை எல்லாம் மைக்கில் கொட்டினார். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துபோவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. நேரத்துக்கு வரம்பு வையுங்கள், முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள், யாரையும் புண்படுத்தும் பேச்சு வேண்டாம் என்று சொல்லுங்கள், எல்லாம் நியாயம். ஆனால் நீங்கள் வைத்த அளவுகோல் அது எதுவும் இல்லை. பேசுகிறவருக்குக் கேட்டது கிடைத்ததா இல்லையா என்பதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அந்த அளவுகோல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை நானே ஒருவர்மேல் வைத்திருக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். நாற்பதாம் நாள் குழந்தையோடு முன்னால் நின்று சாட்சி சொன்னேன். "கர்த்தர் எங்கள் விசுவாசத்தைக் கனம்பண்ணினார், சந்தேகப்படாமல் கேட்டால் அவர் ஒருநாளும் மறுக்கமாட்டார்" என்றேன். சபையே அல்லேலூயா சொன்னது. என்னைவிட நீண்ட காலம் குழந்தைக்காகக் காத்திருந்த ஒரு சகோதரி அன்று மூன்றாவது வரிசையில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் வந்து குழந்தையைக் கையில் வாங்கி முத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு சில வாரம்தான் வந்தார், பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. என் சந்தோஷத்தில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

என் கணவர் விழுந்த பிறகு ஒரு நாள் நள்ளிரவில் அந்தச் சகோதரியின் முகம் நினைவுக்கு வந்தது. எங்கெங்கோ விசாரித்து போன் நம்பர் வாங்கி, பேசி, மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்களுக்குப் பிள்ளை பிறந்தது எனக்குச் சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்குத் தீர்ப்பு மாதிரி விழுந்தது. நான் சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன் என்று எல்லோர் முன்னாலும் ஆகிவிட்டது." ஐயா, சந்தோஷத்தில் இருப்பவர்கள் மட்டும் பேசும் சபையில் சந்தோஷமும் கெட்டுப்போகிறது. நான் அன்று நன்றி சொல்ல நின்றேன், கடைசியில் என் விசுவாசத்தைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் அந்தச் சகோதரி எழுந்து, "நான் இன்னும் காத்திருக்கிறேன், ஆனாலும் அவரை விடவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வாயிலிருந்து அந்த வரி வந்திருக்காது.

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை நம் சபையில் வருடத்துக்கு இரண்டு முறையாவது பிரசங்கிக்கிறோம். விசுவாசத்தினாலே அவர்கள் ராஜ்யங்களை ஜெயித்தார்கள், சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று ஏறிக்கொண்டே போகும். 35-ஆம் வசனத்தின் முதல் பாதியில், சாகக்கொடுத்தவர்களைத் திரும்ப உயிரோடு பெற்ற ஸ்திரீகள் வரைக்கும் வந்து நிறுத்திவிடுகிறோம். அதே வசனத்தின் மறு பாதி "வேறுசிலர்" என்று தொடங்குகிறது. அந்த வேறுசிலர் வாதிக்கப்பட்டார்கள், நிந்தையையும் அடியையும் கட்டையும் காவலையும் அனுபவித்தார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே எழுதியிருக்கிறதா? 39-ஆம் வசனம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது: "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." நற்சாட்சி என்ற அதே வார்த்தை. கிடைக்காமலே நற்சாட்சி. உங்கள் தாள் அந்த 35-ஆம் வசனத்தின் நடுவில் ஒரு கோட்டைப் போட்டு, மறு பாதியில் இருப்பவர்களை மூப்பர்களிடம் தனியாக வந்து பேசச் சொல்கிறது.

பவுலையும் பாருங்கள். அவர் உடம்பிலிருந்து எடுத்துப்போன உறுமால்கள் பட்டு வியாதிகள் நீங்கினதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் கடைசி நிருபத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். விளக்கம் இல்லை, சாக்கு இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கூட ஊழியம் செய்த ஒருவன் நோயோடு இருக்கிறான் என்பதைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக சபைகள் அந்தப் பெயரை வாசிக்கின்றன. நாம் மூன்று மாதத்தில் எடுத்துவிடுகிறோம். தன் மாம்சத்தில் முள் என்று அவரே சொன்ன வேதனைக்காகப் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டபோது வந்த பதிலும் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான், முள் போகவில்லை. பலகையில் உள்ள விதிப்படி பார்த்தால் பவுலும் காத்திருப்போர் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

வேத காலத்தோடு இது நின்றுவிடவும் இல்லை. ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், ஆபத்திலிருந்த சிறுமிகளைக் காப்பாற்றி வளர்த்ததைச் சொல்கிறோம். அவர் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே கழித்ததை யாரும் சொல்வதில்லை. அந்த அறையிலிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். வலியில் கிடக்கிறவர்களுக்கு அவர் எழுதியதை வலி தெரியாதவர் எழுதியிருக்க முடியாது. ஜோனி எரிக்சன் டாடா 1967-இல், 17 வயதில், ஆழம் தெரியாமல் தண்ணீரில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தவர். சுகமளிக்கும் கூட்டத்துக்கும் போனார், சுகமாகவில்லை, அதை மறைக்காமல் எல்லா இடத்திலும் சொன்னார். அந்தச் சக்கர நாற்காலியிலிருந்துதான் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான ஒரு பெரிய ஊழியம் பிறந்தது. இவர்களிடம் சுகமான பிறகு வாருங்கள் என்று அந்தச் சபைகள் சொல்லியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்த ஆயர் தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்றை சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். மற்றவர்கள் நோயாளிகளை விட்டு ஓடியபோது சகோதரர்கள் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார்கள், பலர் அதே நோயில் இறந்தும் போனார்கள் என்று அதில் இருக்கிறது. எத்தனை பேர் சுகமானார்கள் என்று அவர் கணக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தார்கள் என்பதைத்தான் பெருமையாகச் சொன்னார்.

நம் சபையிலும் அப்படி இருவர் இருக்கிறார்கள். பெயர் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. வயதான ஒரு அம்மா நான்கு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் வருகிறார். மூட்டுவலியோடு படியேறி வந்து, என் கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் எதுவும் பேசமாட்டார். எனக்கு ஜெபிக்கவே வராத மாதங்கள் இருந்தன, வாயைத் திறந்தால் கோபம்தான் வரும், அப்போது அந்த அம்மா "நீ இப்போது ஜெபிக்க வேண்டாம் மகளே, உனக்கும் சேர்த்து நான் ஜெபித்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு" என்றார். நானும் தூங்கினேன். என் விசுவாசம் இன்று மிச்சம் இருக்கிறதென்றால் அந்தத் தூக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொருவர் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி. சனிக்கிழமை காலை வந்து அவருக்கு முகம் மழித்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு அண்ணன் சுத்தமாக வர வேண்டும் என்று அவரே ஆரம்பித்தது, நாங்கள் கேட்கவில்லை.

அன்பு சகலத்தையும் தாங்கும், சகலத்தையும் சகிக்கும் என்ற வசனத்தைக் கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரிந்தது முதல் வருடத்தில், படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்த இரவுகளில்தான். அன்பு அப்போது ஒரு உணர்ச்சியாகவே தெரியவில்லை, அலாரம் அடித்ததும் எழுந்தேன், அவ்வளவுதான். சில இரவுகளில் அவர்மேலும் கர்த்தர்மேலும் எரிச்சல் வந்தது, எரிச்சலோடேயே புரட்டிப் படுக்கவைத்தேன். இதையும் சபையில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தன் எரிச்சலைப் பாவம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு இருக்கிற வேறு ஒரு மனைவியோ மகனோ அந்த வரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதே சமயம் எங்கள் வீடு அழுகை வீடு என்றும் நினைத்துவிடாதீர்கள். போன வாரம் அவர் மகளின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான்கு வருடமாக என் பெயர், தன் அம்மா பெயர், அத்தை பெயர் என்று எல்லாவற்றையும் சொல்லி அவளைக் கூப்பிட்டவர், அன்று அவள் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார். அவள் "அப்பா இன்னொரு தடவை" என்று கேட்டாள், வரவில்லை. ஆனால் ஒரு தடவை வந்ததே, அதற்கு அன்று முழுக்க எங்கள் வீட்டில் ஸ்தோத்திரம்தான். "துக்கப்படுகிறவர்கள் என்னப்பட்டாலும் எப்பொழுதும் சந்தோஷப்படுகிறவர்களாகவும்" என்று பவுல் எழுதினதை நான் முன்பு ஒரு அழகான வாக்கியமாக மட்டும் வாசித்தேன். இந்தச் சந்தோஷத்தை நான் எங்கே சொல்வது? உங்கள் விதிப்படி இது பதில் கணக்கில் வராது, அவர் கை இன்னும் அசையவில்லையே.

இனி நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். எடுத்ததோடு விடாமல், எடுத்தோம் என்று ஆராதனையில் வாயால் அறிவியுங்கள், ஏனென்றால் அதை வாசித்துவிட்டு மனம் நொந்து எதுவும் சொல்லாமல் இருக்கிற குடும்பங்கள் எங்களைத் தவிரவும் உண்டு, குறைந்தது மூன்று பேர் என்னிடமே பேசியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஐந்து நிமிடம் என்று வரம்பு வைத்தால் நானே முதலில் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

விண்ணப்பப் பட்டியலில் ஒருவர் பெயரை எடுப்பதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் கேளுங்கள். பட்டியல் நீளமாகிறது என்றால் நான்கு வாரத்துக்குப் பிரித்துக்கொண்டு மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு பெயரும் வரும்படி செய்யலாம், அதை எழுதி ஒழுங்குபடுத்தும் வேலையை நான் வீட்டிலிருந்தே செய்து தருகிறேன்.

யாக்கோபு நிருபத்தில் வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று இருக்கிறது. எந்த மாதம் வரைக்கும் என்று அதில் கெடு இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் நோயில் இருப்பவர்கள் நம் சபையில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, மூப்பர்கள் உங்களுக்குள் பிரித்துக்கொண்டு மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். நீண்ட ஜெபமும் வேண்டாம், தீர்க்கதரிசனமும் வேண்டாம், பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். நோயாளியைப் பராமரிக்கிறவரிடம் தூங்கினீர்களா என்று கேளுங்கள்.

சுகம் வராததற்குக் காரணம் பாவம் என்றோ விசுவாசக் குறைவு என்றோ நோயாளியின் வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது என்று ஊழியக் குழுக்களுக்குப் போதகர் ஐயா தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் ஒருமுறை வந்து என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது தவறு என்று அவரிடமே சொல்லட்டும். அவருக்குப் புரியும். பதில் பேச முடியாது, ஆனால் மன்னித்துவிட்டேன் என்பதைக் கையாலேயே சொல்லிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும்.

கடைசியாக, அடுத்த மாத முதல் ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் பாட வேண்டும். இந்த வாரக் கமிட்டியில் பேசி எனக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் தாருங்கள். இரண்டு சரணம்தான், நான்கு நிமிடம் ஆகும். மேடையில் ஏற்ற வேண்டியதில்லை, நாற்காலியை வேதபாடம் வாசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் போதும், மைக்கை அவர் இடது கைப் பக்கம் வைக்க வேண்டும். ஆர்மோனியம் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும், அவசரப்படுத்தினால் சொல் விட்டுப்போகும், அப்படி விட்டுப்போனால் யாரும் கைதட்டி உற்சாகப்படுத்த வேண்டாம், காத்திருந்தால் திரும்பப் பிடித்துவிடுவார். ஒன்றை மட்டும் பாடகர் குழுவிடம் முன்பே சொல்லிவையுங்கள். முதல் வரியை அவரால் தொடங்க முடியாது, அதைச் சபை தொடங்க வேண்டும். இரண்டாவது வரியில் அவர் வந்துவிடுவார்.

இப்படிக்கு,
நம் சபையின் ஒரு சகோதரி